நனைந்த ஸ்பார்க் பிளக்: பொறி எங்கே வடிந்து போகிறது?

மழையில் நின்ற வண்டி காலையில் கிளம்ப மறுத்தால் முதல் பழி ஸ்பார்க் பிளக் மேல்தான் விழும். கழற்றி, துடைத்து, வாயால் ஊதி, திரும்ப மாட்டிப் பார்ப்பார்கள். சில நாள் கிளம்பிவிடும். சில நாள் எத்தனை தடவை துடைத்தாலும் அசையாது. 'பிளக் நனைஞ்சிருச்சு' என்ற ஒரே பேச்சுக்குள் இரண்டு தனிக் கோளாறுகள் ஒளிந்திருப்பதுதான் இதற்குக் காரணம். ஒன்று, எஞ்சினுக்கு வெளியே, கேப் மாட்டும் பக்கத்தில் ஏறும் ஈரம். மற்றது, சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் படியும் ஈரம். இரண்டும் வருகிற வழி வேறு, பார்க்கிற வைத்தியமும் வேறு. எது என்று கண்டுகொண்ட பிறகுதான் துணியைக் கையில் எடுக்க வேண்டும்.

ஒர்க்‌ஷாப் பேச்சில் பிளக்கின் தலையில் மாட்டும் மூடியும் 'கேப்', முனைகளுக்கு நடுவே உள்ள இடமும் 'கேப்'. குழப்பம் வேண்டாம் என்பதற்காக இங்கே கேப் என்றால் மூடி மட்டும், மற்றது இடைவெளி.

பொறி எப்படிப் பிறக்கிறது

பேட்டரியின் 12 வோல்ட்டால் காற்றைத் தாண்ட முடியாது. திறந்த காற்றில் 1 மி.மீ. தூரம் தாண்டவே சுமார் 3,000 வோல்ட் வேண்டும். பிஸ்டன் மேலேறி அழுத்திய கலவைக்குள் தாண்டுவதற்கு அதைப்போலப் பல மடங்கு தேவைப்படும். அந்த வேலையை இக்னிஷன் காயில் செய்கிறது. அதன் முதல் சுருளில் ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென்று துண்டித்தால், தேங்கியிருந்த காந்தப்புலம் சரிந்து, பல்லாயிரம் சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுருளில் உயர் மின்னழுத்தம் எழும். பல பைக்குகளில் இருக்கும் சிடிஐ யூனிட், ஒரு கெப்பாசிட்டரைச் சில நூறு வோல்ட் வரை நிரப்பி வைத்துக்கொண்டு அதை ஒரேயடியாகக் காயிலுக்குள் கொட்டுகிறது. எந்த வழியில் வந்தாலும் பிளக்கின் தலைக்கு வந்து சேர்வது பொதுவாக 10,000 முதல் 25,000 வோல்ட் வரை. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 தடவை கலவை பற்றவைக்கப்பட வேண்டும்.

பிளக்கின் தலையில் நுழையும் மின்சாரம் நடுக்கம்பி வழியாக, ரெசிஸ்டர் வகையானால் சுமார் 5,000 ஓம் தடையைக் கடந்து, நடு எலெக்ட்ரோடின் நுனிக்கு வருகிறது. எதிரே வளைந்து நிற்பது எர்த் எலெக்ட்ரோடு. அது இரும்புக்கூட்டோடு, அதன் மரை வழியாக எஞ்சினோடு சேர்ந்திருக்கிறது. நடுக்கம்பியையும் இரும்புக்கூட்டையும் பிரித்து நிற்பது வெள்ளைப் பீங்கான் ஒன்றுதான். ஈரத்தால் வரும் தொல்லை முழுவதும் இந்தப் பீங்கானின் மேற்பரப்பில் நடக்கிறது.

உயர் மின்னழுத்தம் வந்தவுடன் உச்சத்தில் நிற்பதில்லை. பத்துப் பதினைந்து மைக்ரோநொடி என்ற அளவிலானாலும் அது ஏறித்தான் வர வேண்டும். ஏறிக்கொண்டிருக்கும்போதே பீங்கானின் மேலாகக் கசிய ஒரு வழி கிடைத்துவிட்டால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடித்த கதையாகிவிடும். எவ்வளவு ஊற்றினாலும் கழுத்துவரை நிறையாது. 15,000 எட்ட வேண்டியது 5,000-லேயே வடிந்துபோகும். ஈரம் பொறியை 'அணைப்பதாக' நினைப்பது தவறு. பொறி பிறப்பதற்கு முன்பே அதற்கான அழுத்தத்தை அது திருடிவிடுகிறது.

தூய நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதில்லை என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். கெடுப்பது அதில் கரையும் உப்பு, தூசி, கரி. துடைத்துப் பளபளவென்றிருக்கும் பீங்கான் மேல் விழுந்த துளி பெரிய தொல்லை தராது. சேறும் எண்ணெயும் படிந்த பீங்கான் மேல் விழுந்த அதே துளி, தலையிலிருந்து இரும்புக்கூட்டுக்குக் கம்பி இழுத்ததற்குச் சமம். பல பிளக்குகளின் பீங்கானில் மேற்பகுதியைச் சுற்றி வரிவரியாக வளையங்கள் இருக்கும். அவை அழகுக்காகப் போட்டவை அல்ல. கசியும் மின்சாரம் ஒவ்வொரு மேட்டிலும் ஏறி இறங்க வேண்டியிருப்பதால் அதன் பாதை நீளுகிறது. அந்தப் பள்ளங்களில் அழுக்கு நிரம்பிவிட்டால் வளையம் இருந்தும் பயனில்லை.

வெளிப்புற ஈரம்

இதன் அடையாளம் தெளிவானது. காய்ந்த நாளில் ஒழுங்காக ஓடும் வண்டி மழையிலோ வாட்டர் வாஷ் செய்த பிறகோ மிஸ்ஸிங் அடிக்கும். ஐடிலில் சரியாக நிற்கும். ஆக்சிலரேட்டரை முறுக்கினால், மேட்டில் ஏறினால், தடுமாறும். பாரம் ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது, இடைவெளியைத் தாண்டத் தேவையான வோல்ட்டும் கூடுகிறது. அப்போது ஈரமான பீங்கானின் மேலாக வெளியே ஓடுவதே மின்சாரத்துக்குச் சுலபமாகிவிடும்.

சோதிக்க நல்ல நேரம் இரவு. எஞ்சினை ஓடவிட்டு விளக்குகளை அணைத்துவிட்டு, பிளக் கேப், வயர், காயில் பக்கம் பாருங்கள். கேப்பின் விளிம்பிலிருந்து இரும்புக்கூட்டுக்கு நீலமாக ஒரு நூல் நெளிவது தெரியலாம். கூடவே 'டிக் டிக்' என்ற சத்தம் கேட்கும். ஒன்றும் தெரியவில்லை என்றால் ஸ்பிரே பாட்டிலில் மெல்லிய தூவலாகத் தண்ணீர் அடித்துப் பாருங்கள். கோளாறுள்ள இடத்தில் உடனே எஞ்சின் தடுமாறும். ஓடும் எஞ்சினில் வயரையோ கேப்பையோ வெறுங்கையால் தொடக் கூடாது. பெட்ரோல் கசிவு இருந்தால் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் தேங்கும் இடம் பெரும்பாலும் பிளக் உட்கார்ந்திருக்கும் குழி. பல பைக் எஞ்சின்களின் ஹெட்டில் (சிலிண்டரின் மேல்மூடியில்) அந்தக் குழியின் அடியிலிருந்து பக்கவாட்டில் திறக்கும் சிறு வடிகால் துளை உண்டு. பலருக்கு அது இருப்பதே தெரியாது. சேறு அடைத்துக் கிடக்கும். மென்மையான கம்பியை நுழைத்து, காற்றடித்துத் திறந்து வைத்தாலே வருடா வருடம் வரும் மழைக்காலத் தொல்லை பாதி தீர்ந்துவிடும். பிளக்கின் மேலேயே காயில் உட்காரும் கார்களில் அந்தக் குழி ஆழமான கிணறு. மேல் மூடியின் ரப்பர் சீல் வெடித்திருந்தால் தண்ணீர் இறங்கி நிற்கும். கிணற்றில் இருப்பது தண்ணீராக இல்லாமல் எண்ணெயாக இருந்தால் வால்வு கவரின் டியூப் சீல் கசிகிறது என்று பொருள். அதை மாற்றாமல் காயிலை மட்டும் மாற்றினால், எண்ணெயில் ஊறிப் புது ரப்பரும் கெடும்.

காய வைக்கும் முறை:

1. எஞ்சின் ஆறும் வரை பொறுங்கள். அலுமினிய ஹெட்டில் சூட்டோடு பிளக்கைத் திருகினால் மரை பிய்ந்து வரக்கூடும்.

2. கேப்பைப் பிடித்து லேசாக இடவலமாகத் திருப்பி, பிறகு நேராக இழுங்கள். வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே இணைப்பு அறுந்துவிடும்.

3. பிளக்கைத் தொடுவதற்கு முன் குழியைக் காலி செய்யுங்கள். ஊசியில்லாத சிரிஞ்சால் தண்ணீரை உறிஞ்சலாம், துணித்திரியை விட்டு ஒற்றி எடுக்கலாம், பிறகு காற்றடிக்கலாம். இதைச் செய்யாமல் பிளக்கைக் கழற்றினால் தண்ணீரும் மணலும் நேராகச் சிலிண்டருக்குள் போகும். மணல் சிலிண்டர் சுவரில் போடும் கீறலை எந்தத் துணியாலும் துடைத்து எடுக்க முடியாது.

4. பிளக்கைக் கழற்றி, பீங்கானைச் சுத்தமான துணியால் வளையங்களின் பள்ளம் வரை துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் காண்டாக்ட் கிளீனரோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ போட்டு எடுங்கள்.

5. கேப்பின் உட்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்பிரிங்கிலும் பித்தளையிலும் பச்சையோ துருவோ பிடித்திருக்கிறதா? ரப்பரில் கறுப்பு நூல் போன்ற கோடு ஓடியிருக்கிறதா?

அந்தக் கறுப்புக் கோட்டைக் கண்டால் துடைத்து மாட்டிவிட்டுப் போய்விடாதீர்கள். மின்சாரம் ஒருமுறை ஓடிய பாதையில் ரப்பர் கருகிக் கரியாகிறது. கரி நல்ல கடத்தி. அடுத்த முறை ஈரமே இல்லாவிட்டாலும் மின்சாரம் அதே தடத்தில்தான் ஓடும். பீங்கானிலும் அதற்கு இணையான கோடு பதிந்திருக்கும். கேப்பையும் பிளக்கையும் சேர்த்து மாற்ற வேண்டும்; ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைக் கெடுக்கும். ஆனால் பீங்கான் இரும்புக்கூட்டுக்குள் நுழையும் இடத்தில் வட்டமாகப் பழுப்பு நிறம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். உயர் மின்னழுத்தம் காற்றிலுள்ள எண்ணெய்த் துகள்களை இழுத்து ஒட்டவைப்பதால் வரும் கறை அது. கேஸ் கசிவு என்று நினைத்து நல்ல பிளக்கைத் தூக்கி எறிபவர்கள் உண்டு.

காய வைக்க ஹேர் டிரையர் போதும். அடுப்புத் தீயில் நேராகக் காட்டுவது பழைய வழக்கம். பீங்கானின் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று சூடேறினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். அந்த விரிசலில் அடுத்த மழையின் ஈரம் குடியேறும். அவசரத்துக்கு டபிள்யூடி-40 ஸ்பிரே அடிக்கலாம்; அதன் பெயரிலுள்ள முதல் இரண்டு எழுத்துகளுக்குப் பொருளே நீரை விலக்குவது என்பதுதான், 1953-இல் அது அந்த வேலைக்காகவே உருவாக்கப்பட்டது. ஆனால் அதன் கரைப்பான் தீப்பிடிக்கும். அடித்தவுடன் ஸ்டார்ட் செய்யாமல் சில நிமிடம் ஆவியாகவிட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள்.

உட்புற ஈரம்

கழற்றிய பிளக்கின் முனையை உற்றுப் பாருங்கள். 0.7 மி.மீ. இடைவெளியில் ஒரு சிறு துளி இரண்டு பக்கமும் ஒட்டி, கண்ணாடி மணி போல நிற்கும். பிளக்கைத் தட்டினாலும் விழாது. அத்தனை குறுகிய இடத்தில் பரப்பு இழுவிசை அதைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். ஊதினாலும் ஓரத்துக்கு நகர்ந்து மறுபடி வந்து உட்காரும். ஒரு வெள்ளைத் தாளின் விளிம்பை இடைவெளிக்குள் விட்டால் துளி தாளில் ஏறிவிடும். அதோடு அது எந்தத் திரவம் என்பதும் தெரியும்.

மணத்தோடு ஒரு நிமிடத்துக்குள் தாளில் தடமின்றிக் காய்ந்தால் பெட்ரோல். மணமில்லாமல் மெதுவாகக் காய்ந்து தாளைச் சுருக்கினால் தண்ணீர். காயாமல் ஒளி ஊடுருவும் கறையாக நின்றால் எஞ்சின் ஆயில். பச்சை, சிவப்பு போன்ற நிறமும் லேசான இனிப்பு மணமும் இருந்தால் கூலன்ட்.

பெட்ரோல் என்றால் கலவை மிஞ்சி எஞ்சின் அடைத்துக்கொண்டது. பெட்ரோல் தனியாக மின்சாரத்தைக் கடத்துவதில்லை. ஆனால் உள்பக்கப் பீங்கானில் ஏற்கனவே படிந்த கரியோடு குழைந்தால் கசிவுப் பாதை ஆகிறது. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் டேப்பை மூடி, சோக்கை விலக்கி, த்ராட்டிலை முழுதாகத் திறந்துவைத்து ஐந்தாறு தடவை கிக்கரை உதையுங்கள். காற்று மட்டும் புகுந்து உள்ளதை வெளியேற்றும். எஃப்ஐ (இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும்) வண்டிகள் பலவற்றிலும், குறிப்பாகக் கார்களில், ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தபடி செல்ஃப் அடித்தால் இன்ஜெக்டர் பெட்ரோல் விடுவதை இசியூ (எஞ்சினை நடத்தும் கணினி) நிறுத்திவிடும். விட்டு விட்டு மிதித்துப் பம்ப் செய்வது கார்புரேட்டர் வண்டியில் நிலைமையை மோசமாக்கத்தான் உதவும்.

தண்ணீர் என்றால் முதலில் அளவைப் பாருங்கள். மெல்லிய பனி போல இருந்தால் அது எரிதலின் விளைவே. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. எஞ்சின் சூடாக இருந்தால் அத்தனையும் சைலன்சர் வழியாகப் போய்விடும். குளிர்ந்த எஞ்சினை இரண்டு நிமிடம் ஓட்டி அணைப்பதை வழக்கமாக்கினால் ஆவி உள்ளேயே குளிர்ந்து துளியாகும். அவ்வப்போது முழுச்சூடு ஏறும்வரை, ஒரு இருபது நிமிடமாவது ஓட்டுவதைவிட இதற்கு வேறு மருந்து தேவையில்லை.

கூலன்ட் என்றாலோ, பல சிலிண்டர் எஞ்சினில் ஒரே பிளக் மட்டும் மறுபடி மறுபடி நனைந்து, கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே போனாலோ, ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே அடைத்து நிற்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். அந்தச் சிலிண்டரின் பிளக் மற்றவற்றைவிட நீராவியில் கழுவினாற்போல வெளுத்திருக்கும். அங்கே பிளக்கைத் துடைப்பது நேரத்தை வீணாக்கும் வேலை.

எஞ்சின் தண்ணீர் குடித்துவிட்டால்

வெள்ளத்தில் ஓட்டி அப்படியே நின்றுபோன வண்டிக்கு இந்த ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்: செல்ஃப் அடிக்காதீர்கள், கிக்கரை உதைக்காதீர்கள், தள்ளி ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. பிஸ்டன் அதன்மேல் மோதினால் கனெக்டிங் ராட் வளையும். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள்; நனைந்திருந்தால் உள்ளேயும் போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்லா பிளக்குகளையும் கழற்றி, காயில் இணைப்பையும் பெட்ரோல் பம்ப் ஃபியூஸையும் எடுத்துவிட்டு, பிறகுதான் எஞ்சினைச் சுழற்ற வேண்டும். பைக்கில் பெட்ரோல் டேப்பை மூடி, இக்னிஷனை அணைத்துவிட்டு, மெதுவாகக் கிக்கரை மிதிக்கலாம். பிளக் துளைக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள், தண்ணீர் பீறிடும். முழுதும் வெளியேறிய பின் ஒவ்வொரு சிலிண்டரிலும் சில சொட்டு எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி சுழற்றுங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் தெரிந்தால், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் ஓட்டக் கூடாது.

பொறி வருகிறதா என்று பார்ப்பது

பிளக்கைக் கேப்பில் மாட்டி, இரும்புக்கூட்டை எஞ்சின் உலோகத்தில் அழுத்தமாகத் தொடவைத்துச் சுழற்றுவது எல்லோருக்கும் தெரிந்த சோதனை. எர்த் சரியாகப் படாமல் செய்தால் உயர் மின்னழுத்தம் போக வழியின்றிக் காயிலையோ சிடிஐயையோ கெடுக்கும். திறந்த பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும் என்பதால் பொறியை அதன் அருகே கொண்டுபோகாதீர்கள். நீலவெள்ளையாகப் படாரென்று தாண்டினால் நல்லது; மஞ்சளாக, மெலிந்து வந்தால் பலவீனம். வெளியே பொறி வந்துவிட்டதாலேயே உள்ளேயும் வரும் என்று முடிவு செய்துவிட முடியாது. வெளியே அழுத்தம் இல்லை. மல்டிமீட்டரை ஓமில் வைத்தால் தலைக்கும் இரும்புக்கூட்டுக்கும் நடுவே எந்த அளவும் காட்டக் கூடாது. காட்டினால் பீங்கான் கசிகிறது.

மறுபடி நனையாமல் இருக்க

எஞ்சினுக்குள் இருக்கும் பீங்கான் மூக்கு சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850-க்கு மேல் போனால் பொறி வருமுன்பே கலவையைப் பற்றவைக்கத் தொடங்கும். இதனால்தான் மூக்கில் சூட்டைத் தக்கவைக்கும் ஹாட் பிளக், சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும் கோல்டு பிளக் என்ற வகைகள். பரிந்துரைத்ததைவிடக் கோல்டான பிளக்கை மாட்டி, குறுகிய தூரமே ஓட்டினால் கரி போகாது, அந்தக் கரியோடு ஈரமும் சேரும். எண்களில் ஒரு சிக்கல் உண்டு: என்ஜிகேயில் எண் கூடக் கூடக் கோல்டு, பாஷில் எண் கூடினால் ஹாட். கம்பெனி மாற்றும்போது எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் நேர் எதிரானது வந்துவிடும்.

கேப்பின் வாயோரத்தில் உள்பக்கமாகச் சிலிகான் டைஎலெக்ட்ரிக் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். பட்டாணி அளவில் பாதி போதும். அது மின்சாரத்தைக் கடத்தாது, தண்ணீர் நுழையும் இடுக்கையும் அடைக்கும். சாதாரண கிரீஸைத் தடவினால் ரப்பர் ஊதிப் போகும். எலெக்ட்ரோடு பக்கம் எந்தக் கிரீஸும் கூடாது. வயர் பிரஷ்ஷால் பீங்கானைத் தேய்க்காதீர்கள்; பிரஷ்ஷின் உலோகம் பென்சில் கோடு போலப் படிந்து புதிய கசிவுப் பாதை ஆகும். இரிடியம் பிளக்கின் ஊசிமுனையில் பிரஷ்ஷும் உப்புத்தாளும் படவே கூடாது.

மாட்டும்போது இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பாருங்கள். பைக்குகளில் 0.6 முதல் 0.9, கார்களில் 1.1 மி.மீ. வரை பொதுவாக வரும். வண்டியின் கையேட்டில் உள்ளதே முடிவு. தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக்குக்கு அதிக வோல்ட் தேவை. வெளியே ஈரம் பட்டால் முதலில் படுப்பது அதுதான். மரையைக் கையாலேயே கடைசிவரை ஏற்றுங்கள், இடையில் இறுகினால் கழற்றி மறுபடி தொடங்குங்கள். வாஷர் உள்ள புதுப் பிளக்கைக் கையிறுக்கத்துக்குப் பிறகு அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை இறுக்குங்கள். ஏற்கனவே நசுங்கிய வாஷர் என்றால் பன்னிரண்டில் ஒரு சுற்றே போதும். டார்க் ரென்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இருந்தால் அலுமினிய ஹெட்டில் 10 மி.மீ. மரைக்கு 10-12, 12 மி.மீ. மரைக்கு 15-20, 14 மி.மீ. மரைக்கு 25-30 நியூட்டன் மீட்டர். தளர்ந்த பிளக் வெப்பத்தைக் கடத்த முடியாமல் எரியும்.

டூல் பாக்ஸில் கிடக்கும் மாற்றுப் பிளக்கையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். மூடியில்லாமல் ஸ்பேனர்களோடு உருண்டுகொண்டிருந்தால் எர்த் எலெக்ட்ரோடு வளைந்து இடைவெளி மூடியிருக்கும், பீங்கானில் எண்ணெயும் ஈரமும் ஏறியிருக்கும். கூடவே வந்த அட்டைக் குழாயில் போட்டு, சிறு பிளாஸ்டிக் பையில் கட்டி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் சேர்த்து வையுங்கள்.